குளியலறையில் பொருளியல் துறை

வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு இருபதைத் தாண்டிக் கொஞ்சம். அவள் நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகப் போக, அவளைவிட மூத்தவரான துறைத்தலைவரே "அக்கா வந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

துணிக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். கம்பெனிக்குப் பின்னால் ஓடும் கால்வாய் ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் போவதை ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து வயிறு குமட்டிப்போய், இதற்கெல்லாம் எங்காவது பதில் இருக்கும் என்று நம்பி, பொருளாதார வளர்ச்சியும் நீடித்த வளர்ச்சியும் படிக்கப் பல்கலைக்கழகம் வந்தாள். துறைத்தலைவரின் முதல் வகுப்பிலேயே பதில் கிடைத்த மாதிரி இருந்தது. "லாபம் ஒருத்தனுக்கு, நாத்தம் இன்னொருத்தனுக்கு. இதுக்குப் பேர்தான் வெளிச்செலவு" என்று அவர் மேசையைத் தட்டியபோது அவளுக்குப் புல்லரித்தது.

படிப்பு முடியப் போகிறது. துறையில் ஒரே ஓர் ஆராய்ச்சி உதவியாளர் இடம் காலி. கிடைத்தால் மேலே படிக்கலாம். இல்லாவிட்டால் மறுபடி அதே நாற்காலி, அதே ஜன்னல். முடிவு துறைத்தலைவர் கையில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பசுமை வளாகங்களுக்குத் தரம் போடும் குழு வந்தது.

குழு வருகிறது என்றால் கிடங்கிலிருந்து பச்சை, நீலம், மஞ்சள் தொட்டிகள் தாழ்வாரத்துக்கு வரும். மற்ற நாளெல்லாம் எல்லாக் குப்பையும் கருத்தரங்க அறைக்குப் பின்னால் ஒரே குவியல்தான். அந்தக் குவியலை என்ன செய்வது? குழு வருவதற்கு முந்தின நாள் மாணவர்கள் ஆளுக்கொரு பையாக வீட்டுக்குக் கொண்டுபோய், குழு போனபிறகு திரும்பக் கொண்டுவந்து கொட்டிவிட வேண்டும். எடைக்குக் கூலி வாங்கும் குப்பை லாரிக்காரர், எடை குறைந்தால் சண்டைக்கு வந்துவிடுவார். பிள்ளைகள் இதற்குத் தத்து எடுப்பது என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அக்காவுக்குப் பெரிய பை. மூத்த பிள்ளை அக்காகிட்டதான் வளரணும்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"சார், இதை வீட்ல எங்க வைக்கிறது?"

"ஒரு நாள்தானேம்மா. துறைக்காகப் பண்ணுங்க. உங்க இடத்தைப் பத்தி நாளைக்குப் பேசலாம்" என்றார் துறைத்தலைவர்.

பேருந்தில் பை ஒழுக ஆரம்பித்தது. அழுகிய சோறும் மீன் முள்ளும் புளித்த பாலும் கலந்த ஒரு தண்ணீர், அவள் செருப்புக்குள் இறங்கியது. பக்கத்து இருக்கைகள் காலியாயின.

"என்னம்மா இது?" நடத்துனர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"படிப்பு சம்பந்தமா கொண்டுபோறேங்க."

"என்ன படிப்போ, குடலைப் புடுங்குது!"

குளிர்பெட்டி மெக்கானிக்கான கணவர் வாசலிலேயே மறித்தார். "பட்டம் வாங்கிட்டு வருவேன்னு பார்த்தா, ஊர்க் குப்பையை வாங்கிட்டு வர்றியேடி!"

"நாளைக்கு ஒரு நாள்தாங்க. குளியலறையில வெச்சுக்கறேன்."

"அப்ப நான் எங்க குளிக்கிறது? உங்க சார் வீட்லயா?"

காலையில் பையின் அடியிலிருந்து வெள்ளைப் புழுக்கள் தரையெல்லாம் நெளிந்தன. வாளியில் ஒன்று மிதந்தது. அவள் வாந்தி எடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு, நல்ல புடவை கட்டிப் புறப்பட்டாள்.

குழுவில் வந்த அம்மாள் மூன்று நிறத் தொட்டிகளையும் ரசித்துவிட்டு, நேராக அவளிடம் வந்தார். "உங்க துறைக் குப்பையெல்லாம் கடைசியில எங்கேம்மா போகுது?"

உரமாகிறது என்று சொல்லத்தான் பழக்கியிருந்தார்கள். வாயைத் திறந்தபோது அந்த வாளி கண்முன் வந்தது.

"எங்க வீட்டுக் குளியலறைக்குங்க."

துறைத்தலைவரின் முகம் வெளுத்தது. அந்த அம்மாளோ கைதட்டாத குறை. "பாருங்க! குப்பைக்கு மாணவர்களே பொறுப்பெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோறாங்க! இதை நான் எங்கயும் பார்த்ததில்ல!"

"எல்லாம் எங்க அக்காவோட யோசனைதான்" என்றார் துறைத்தலைவர், கண் இமைக்காமல். அவளைத் தொட்டிகளுக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

குழு போனதும் அவளை அறைக்குக் கூப்பிட்டார். "கலக்கிட்டீங்க! இடம் உங்களுக்குத்தான். தலைப்பும் கிடைச்சாச்சு. குப்பை மேலாண்மையில் குடும்பங்களின் பங்கு. அடுத்த வருஷம் எல்லாத் துறைக்கும் இதையே கொண்டுவர்றோம்."



"சார், ஒரே ஒரு பையை நீங்க வீட்டுக்குக் கொண்டுபோறீங்களா?"

"எங்க வீட்டுக்கா?" அவர் பதறிவிட்டார். "பேரப்பிள்ளைங்க இருக்காங்கம்மா!"

அவள் அவரையே பார்த்தாள். மேசையைத் தட்டிய அதே கை, இப்போது மூக்குக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தது. பை அந்த அறையில் இல்லவே இல்லை.

"எனக்கு வேண்டாம் சார்."

"எது, தலைப்பா?"

"இடமும்தான்."

சாயங்காலம் கணவர் கதவைத் திறக்கும்போதே கேட்டார். "இடம் என்னாச்சு?"

"கிடைச்சுது. வேண்டாம்னுட்டேன்."

 அவர் குளியலறைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சரி, அந்தச் சனியனை யார் கொண்டுபோய்ப் போடறது?"

"நான்தான். நாளைக்குக் கம்பெனிக்குப் போய்ப் பழைய வேலையைக் கேக்கணும். பையைக் கொட்டப் பல்கலைக்கழகம் போற வழியிலதானே அது இருக்கு."