ஆயில் கூலரும் ஒன்பது குடம் நல்ல தண்ணீரும்

போன வைகாசியில் நம் கார் நான்கு நாள் பட்டறையில் கிடந்தது உங்கள் இருவருக்கும் நினைவிருக்கும். என்ன ஆச்சு என்று கேட்டீர்கள். அப்போது இருந்த எரிச்சலில் "போய் வேற வேலையப் பாருங்க" என்று விரட்டிவிட்டேன். இப்போது ஆற அமர எழுதுகிறேன். எழுதும்போதே எரிச்சல் திரும்ப வருகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கார் நமக்கு ஆடம்பரத்துக்கு வாங்கியது இல்லை. உங்கள் அம்மா நர்ஸ் வேலை பார்க்கிற துணைச் சுகாதார நிலையம் புதூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. அவள் எட்டரைக்குள் கையெழுத்துப் போடவேண்டும். முதுகுத் தட்டு விலகியதிலிருந்து பைக்கிலும் ஆட்டோவிலும் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினேன். தினமும் அவளை இறக்கிவிட்டு வந்துதான் பாத்திரக் கடையைத் திறப்பேன்.

ஒரு வியாழக்கிழமை அப்படித் திரும்பி வரும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. ஓரம் கட்டினேன். இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த கரிசல் காடு, நிழலுக்கு ஒரு கருவேலமரம். அரை மணி நேரம் ஆறவிட்டு எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் டப்பாவைத் திறந்தால், உள்ளே பால் அதிகமாக விட்ட டீ போலக் கொழகொழவென்று என்னவோ நிற்கிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். அடிக்கோட்டுக்கும் கீழே. ஆயில் தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எல்லாம் தண்ணீருக்குள் போயிருக்கிறது.

நின்று நின்று ஊர் வந்து சேர்ந்து, பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். அந்த ஆள் பானெட்டைத் தூக்கிய கையோடு தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஹெட் கேஸ்கட் போச்சு அண்ணாச்சி. எஞ்சினுக்குள்ள ஆயிலயும் தண்ணியயும் சேரவிடாத தகடு. எஞ்சினைப் பிரிக்கணும். பத்து நாள் ஆவும்."

"பாக்காமலே எப்படிச் சொல்லுதீங்க?"

"டீ போட்டு வச்சிருக்கீங்களே, இன்னும் என்னத்தப் பாக்க?"

பத்து நாளைக் கார் இல்லாமல் தள்ளவே முடியாது. அந்த மாதம் அம்மா ஏற்கெனவே இரண்டு நாள் தாமதமாகப் போயிருந்தாள். ஒரு நாள் டயர், ஒரு நாள் ரயில்வே கேட். இன்னொரு நாள் தாமதமானால் மாவட்டத்தின் அந்தக் கோடிக்கு மாற்றிவிடுவோம் என்று மேலதிகாரி முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அங்கே போட்டால் அவள் அங்கேயே அறை எடுத்துத் தங்கவேண்டியதுதான். வாரத்துக்கு ஒரு நாள் வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போவாள். வெள்ளிக்கும் சனிக்கும் மிச்சம் கிடந்த லீவைப் போட்டாள். திங்கள்கிழமை அதே அதிகாரி பார்வையிட வருகிறார், அன்றைக்கு லீவு கிடையாது. வாடகைக் கார் கேட்டு ஏழு பேருக்குப் போன் போட்டேன். திங்கள்கிழமை முகூர்த்த நாளாம், எல்லா வண்டியும் கல்யாணத்துக்குப் போகிறதாம். கல்யாணம் செய்கிறவர்கள் மேலெல்லாம் எனக்குக் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, கடைக்குப் பின்தெருவில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனேன். பாய் அதிகம் பேசமாட்டார். ஆயில் கம்பியை உருவி, விரலில் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தண்ணிலதான் ஆயில் இருக்கு. ஆயில்ல தண்ணி இல்ல. கேஸ்கட்டுன்னா பெரும்பாலும் ஆயில்லயும் தண்ணி கலந்திருக்கும். எஞ்சினப் பிரிக்கச் சொன்னது எவரு? மொதல்ல கூலரக் கழத்துவோம்."

ஆயில் கூலர் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு அலுமினியப் பெட்டி. உள்ளே மெல்லிய தகடுகள். தகட்டுக்கு ஒரு பக்கம் சூடான ஆயில் ஓடும், மறுபக்கம் தண்ணீர் ஓடி அதைக் குளிரவைக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. பாய் அதைக் கழற்றி, ஆயில் வெளியேறும் வாயை அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, ஆயில் வழியில் காற்றை அடித்தார். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோலத்தான். தண்ணீர் போகும் வழியில் குமிழி குமிழியாக வந்தது. தகடு அரித்து ஓட்டை விழுந்திருக்கிறது.

"கார வித்தவன் ஏமாத்திட்டான் பாய்" என்றேன். விற்றவரைப் போனில் கூப்பிட்டு அதற்கு முந்தின நாளே நான் சத்தம் போட்டிருந்தேன்.

பாய் கூலரைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கற்கண்டுத் தூள் மாதிரி கொட்டியது.

"என்ன தண்ணி ஊத்துதீங்க அண்ணாச்சி?"

 இரண்டு கோடையாக டப்பாவில் தண்ணீர் குறையும்போதெல்லாம் வீட்டு போர் குழாயின் உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தேன். நம் ஊரில் ஆற்றுத் தண்ணீர் குழாயில் என்றைக்கு வரும் என்று காத்திருந்து, பிடித்து, மூடிவைத்துக் குடிக்கிறோம். அதைப் போய்க் காருக்கு யார் ஊற்றுவார்கள்? காருக்குத் தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைத்தேன். இத்தனைக்கும் கடையில் குக்கர் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், "உப்புத் தண்ணிய ஊத்தாதீங்க, அடியெல்லாம் வெள்ள பூத்து அரிச்சிரும்" என்று சொல்லியனுப்புகிறவன் நான்தான். அலுமினியத்தை விற்றே பிழைக்கிறவன். யாரிடம் போய் இதைச் சொல்வது? வீட்டில் சொல்லவில்லை. விற்றவன் மேலேயே பழியைப் போட்டு வைத்தேன்.

புதுக் கூலர் மதுரையில் ஒரு கடையில்தான் இருந்தது. சனிக்கிழமை அந்தக் கடைக்காரர் ஒரு திருநெல்வேலி பஸ்ஸில் கொடுத்துவிட்டு கண்டக்டர் நம்பரை அனுப்பினார். நான் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றேன், நின்றேன், வெயில் தலையைப் பிளந்தது. கடைசியில் போன் போட்டேன்.

"நாங்க பைபாஸ்லயே வந்துட்டோம் அண்ணாச்சி. இப்பக் கயத்தாறு தாண்டியாச்சு."

"ஊருக்குள்ள வருவீங்கன்னு சொன்னாங்களே!"

"உங்க ஊருக்கு ஒரே ஒரு டிக்கெட். அவரையும் மேலயே இறக்கிவிட்டுட்டோம். ஏன் கத்துதீங்க, பொட்டி பத்திரமா இருக்கு. டிரைவர் அதுமேலதான் காலு வச்சிருக்காரு."

திருநெல்வேலிக்கு அடுத்த பஸ்ஸில் போனேன். அங்கே பெட்டியை டைம் கீப்பரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து, அதை வாங்கி, நான் திரும்பும்போது பொழுது அடைந்துவிட்டது.

பாய் ஞாயிற்றுக்கிழமை எனக்காகவே பட்டறையைத் திறந்தார். பத்து மணிக்குள் கூலர் ஏறிவிட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது?

"உள்ள பூரா ஆயில் பிசுக்கு. சோப்புத்தூள் போட்டு அலசணும். தெளியிற வரைக்கும். போர் தண்ணி ஒரு சொட்டு ஆவாது. போய் நல்ல தண்ணி கொண்டாங்க."

"எவ்வளவு பாய்?"

"ஒரு எட்டுக் குடம், பத்துக் குடம்."

குழாயில் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. வீட்டில் மொத்தமே பதினொரு குடம்தான். அடுக்களையில் போய் நின்றேன். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் குடத்தையே பாத்துட்டு நிக்கீங்க?"

வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம், கடை திறந்திருக்கிறதா பார்க்கிறேன் என்றும் இழுத்தேன். அவள் சோற்றுப் பானையை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"குக்கர் விக்கும்போது ஊருக்கெல்லாம் பேசுத வாயி, வீட்டுக்கு வந்ததும் எங்க போச்சு? பாவம் அந்த வித்த மனுசன்! அவியளுக்குப் போனப் போட்டு மன்னிப்புக் கேளுங்க, மொதல்ல."

"கேக்கேன்."

"கேன் கடையத் தேடி இன்னும் ஒரு மணி நேரத்தப் போக்காதீங்க. ரெண்டு குடத்த வச்சிட்டு மிச்சத்தத் தூக்குங்க."

"அப்பா, நாம என்னத்தக் குடிக்க?" என்று சின்னவன் கேட்டான்.

"உங்கப்பாட்ட கேளு. அவரு போர் தண்ணி நல்லதும்பாரு."

ஒன்பது குடத்துத் தண்ணீரையும் கேன்களில் ஊற்றி, கடையின் தட்டுவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனேன். தெருவில் எதிரே வந்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். வண்டியை இன்னும் வேகமாகத் தள்ளினேன். ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு, திறந்து விடவேண்டும். முதல் தடவை சாக்கடை மாதிரி வந்தது. மூன்றாவது தடவை சாம்பார். ஐந்தாவது தடவை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பாய் விரலை விட்டுத் தேய்த்து, "இன்னும் வழுவழுங்கு" என்றார். நாம் ஆசைப்பட்டுக் காத்துக்கிடந்து பிடித்த தண்ணீர் பட்டறைத் தரையில் ஓடிப் போவதைப் பார்க்க மனசு ஆறவில்லை. எட்டாவது அலசலில்தான் பாய் தலையை ஆட்டினார். ஆயிலில் ஊறி உப்பிப்போன இரண்டு குழாய்களையும் மாற்றி, புது ஆயிலும் பச்சை நிறக் கூலன்டும் ஊற்றி முடித்தபோது மணி ஐந்து. அங்கே நின்றே விற்றவருக்குப் போன் போட்டேன். அவர் கேட்டுவிட்டு, "சரி விடுங்க" என்று வைத்துவிட்டார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

திங்கள்கிழமை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். அம்மா வழி நெடுக சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளைப் பார்த்தால், "ரோட்டப் பாருங்க" என்றாள். எட்டு மணிக்கு அவள் உள்ளே போனாள். நான் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை நின்று, டப்பாவைத் திறந்தேன். ஊற்றியபடியே பச்சையாக, தெளிவாக இருந்தது. ஆயில் கம்பியும் மேல்கோட்டில்தான் நின்றது. உள்ளே போய்ச் சொல்லலாம் என்று வாசல் வரை போனேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அதிகாரி வந்தாச்சா?"

"பதினோரு மணிக்குத்தான் வாராகளாம். இப்பத்தான் போன் வந்துச்சு. கார் பஞ்சராம்."