முன்வரிசைக்குப் போன மாவுக்காரர்

ஹிந்தே பெர்மனுக்கு எபிரேயம் ஓசியில் வந்தது. வாத்தியாரான அவள் அப்பா, மகன்கள் இருவருக்கும் அந்த யூத வேதமொழியைப் புகட்டத் தொண்டை வறளக் கத்தினார். பையன்கள் தூங்கி வழிந்தார்கள். மூலையில் காலுறை தைத்துக்கொண்டிருந்த மகளுக்கு அத்தனையும் ஏறிவிட்டது. செரெம்னா ஊரில் இது யாருக்கும் தெரியாது.

கல்யாணமாகி மாவுக்கடைக்கு வந்தாள். கணவர் ஸெலிக் தங்கமான மனிதர். பிரார்த்தனையைச் சரளமாகப் படிப்பார். பொருள் கேட்டால் இருமுவார். கடைக்கு வரும் சோஸியாவின் கணவன் அமெரிக்கா போய் ஒன்பது வருடம். கடிதமும் இல்லை, விவாகரத்துச் சீட்டும் இல்லை. சீட்டில்லாமல் அவள் இன்னொருவனைக் கட்டவும் முடியாது. சீட்டுக் கொடுக்கும் உரிமை ஆணுக்கு மட்டும் இருப்பது என்ன நியாயம் என்று ஹிந்தே கொதித்துப்போய் எபிரேயத்தில் எழுதி, வில்னா நகரத்தில் வரும் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள்.

கட்டுரை வந்தது. கீழே ‘பெர்மன், செரெம்னா’ என்று மட்டும் இருந்தது. ஏன் முழுப் பெயர் இல்லை என்று ஆசிரியருக்கு எழுதிக் கேட்டாள். பெண் எழுதினாள் என்றால் வாசகர்கள் நம்பமாட்டார்கள், உங்கள் ஊர் மதகுரு, ரப்பி, உறுதிசொல்லிக் கையெழுத்திட்டால் அடுத்த கட்டுரையை முழுப் பெயரோடு போடுகிறேன் என்று பதில் வந்தது.

அதற்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. எபிரேயத்தில் எழுதிய பெர்மன், ஸெலிக் பெர்மன்தானே? சனிக்கிழமை ஜெப ஆலயத்தில், சாதாரண ஆட்கள் உட்காரும் அடுப்போரப் பெஞ்சிலிருந்த மாவுக்காரரைக் கூட்டிப்போய்க் கிழக்குச் சுவரை ஒட்டிய பெரியமனிதர் வரிசையில் உட்கார்த்தினார்கள்.

“ஏன் போய் உட்கார்ந்த?” என்றாள் ஹிந்தே.

“கையப் புடிச்சு இழுத்தாங்க. வேணாம்னா திமிருன்னு சொல்லமாட்டாங்களா?”

“ரப்பிகிட்ட உண்மையச் சொல்லு.”

“சொல்றேன். அடுத்த வாரம்.”

மூன்று அடுத்த வாரங்கள் போயின. ஸெலிக் தாடியை வாரப் பழகிக்கொண்டார். ரப்பியின் கையெழுத்தில்லாமல் இரண்டாவது கட்டுரை மாவுப் பெட்டிக்கடியில் கிடந்தது. திருடன் என்றால் ஹிந்தே சண்டை போடலாம். இவர் அவள்மேல் உயிரையே வைத்திருப்பவர்.

நான்காம் சனிக்கிழமை, பிரார்த்தனை முடிந்ததும் மரவியாபாரி மெண்டே பத்திரிகையோடு எழுந்தார்.

“ஸெலிக், ‘பூட்டியவன் சாவியோடு கப்பலேறிவிட்டான்’னு எழுதியிருக்கீங்களே. அதுக்கு மேல என்ன சொல்ல வந்தீங்க?”

ஸெலிக் இருமினார். மறுபடி இருமினார். மாடியில் பெண்கள் பக்கத்து மரத்தடுப்புக்குப் பின்னால் ஹிந்தே இடுக்கு வழியே அவரைப் பார்த்தாள். இதை அவர்தான் சொல்லவேண்டும்.

ஸெலிக் எழுந்தார். கிழக்குச் சுவரை விட்டு, அத்தனை பேரும் பார்க்க நடந்து, அடுப்போரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

“எனக்கென்ன தெரியும்? எழுதினவ மேல நிக்கிறா. அவளக் கேளுங்க.”

கிழ ரப்பி தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். “மேல சொல்லும்மா.”

ஹிந்தே சொன்னாள், எபிரேயத்தில், ஒரு மூச்சில். மெண்டே பத்திரிகையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஓய்வுநாளில் பேனா தொடக்கூடாதென்பதால் ரப்பி ஞாயிறு காலையில்தான் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பத்திரிகை வந்தது. ஹிந்தே கடையில் நின்றபடியே தலைப்பிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினாள். ஸெலிக் மாவுக் கையைத் துடைத்தார்.

“இன்னொரு தடவ படி.”

“முழுசுமா?”

“முழுசும் எதுக்கு? பேர மட்டும் படி.”