செவ்வரளிப் பொட்டலம்

நான் அனுப்பிய முதல் காணொளியை அப்பா காரைக்குடியில், எங்கள் செக்காலை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார். படம் முழுக்கச் செந்நிற மலை. பின்னணியில் மூச்சு வாங்க வாங்க என் குரல்: "இதோ ஒரு மலை, அதோ அதைவிடச் சிவப்பாக இன்னொரு மலை." பார்த்து முடித்ததும் அழைத்தார்.

"ஏன்டா, நாச்சியாபுரம் போற வழில செம்மண்ணு வெட்டிக் கொட்டிருப்பாகளே, அந்த மேடு மாதிரியில்ல இருக்கு. இதப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறிப் போன?"

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் தென்கோடியில், பாலைவனத்தை ஒட்டிய ஊர் அது. கம்பெனி அங்கே புதிதாக ஒரு கிளை திறந்து, என்னை முன்னோடியாக அனுப்பியிருந்தது. முன்னோடி என்றால், கேட்ட மற்ற எல்லோரும் மறுத்துவிட்டார்கள் என்று பொருள். ஊர் வளர்ந்த வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இந்த மாதம் முள்செடி நின்ற இடத்தில் அடுத்த மாதம் தெரு நிற்கும், தெருவிளக்கு எரியும், நாய்கூட வந்துவிடும். என் வீட்டைக் கைபேசி வரைபடம் கடைசிவரை ஏற்கவே இல்லை. நான் கட்டிலில் படுத்திருந்தாலும் பாலைவனத்தின் நடுவே கிடப்பதாகவே ஒரு நீலப் புள்ளி காட்டியது. முதலில் அது வேடிக்கையாக இருந்தது.

தெருவில் என்னைத் தவிர அத்தனை பேரும் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் குடும்பங்கள். தங்கமான மனிதர்கள். குடி கிடையாது, புகை கிடையாது, காபி, டீகூடக் கிடையாது. நான் டீ போடும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்வேன், என்னமோ சாராயம் காய்ச்சுகிறவன் மாதிரி. சனிக்கிழமை விடிந்தால் போதும், பிள்ளைகுட்டிகளோடு மலையேறக் கிளம்பிவிடுவார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கைக்குழந்தையை முதுகில் கட்டியிருந்த ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய மாமியாரும் தாண்டிப் போனார். ஏறியதை விடுங்கள், நான் இறங்கியது பெரும்பாலும் உட்கார்ந்த நிலையில்.

இப்படி ஒரு வருஷம் தனியாக ஓடியது. பிறகு, இனி உனக்கு அங்கேதான் வேலை என்று கம்பெனி சொல்லிவிட்டது. மனைவியையும் மகளையும் அழைத்துப் போக ஊருக்கு வந்தேன். விசா கிடைத்துவிட்டது. டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. இந்த முறை அவர்கள் வரவில்லை என்றால், மகள் என்னைத் திரையில் பார்த்தே வளர்ந்துவிடுவாள். அது எனக்குத் தெரியும். மனைவிக்கும் தெரியும். அவள் "நீங்க சொன்னா சரிதேன்" என்றாள். அப்பா "போறதுதானடா நல்லது" என்றார். எல்லோரும் சம்மதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னதே கிடையாது. அதற்கென்று தனியாகச் சாமி இருக்கிறது.

வந்த மறுநாள் சாப்பிடும்போது, எல்லோரையும் சிரிக்க வைக்கலாம் என்று நிலவறைக் கதையை எடுத்துவிட்டேன்.

என் பக்கத்து வீட்டுக்காரர் வயதானவர், நெடுநெடுவென்று உயரம். ஒருநாள் என்னைத் தன் வீட்டின் அடியில் இருந்த அறைக்குக் கூட்டிப் போனார். சுவர் முழுக்க அலமாரி. வாளி வாளியாகக் கோதுமை, பீன்ஸ், பால்பவுடர், உப்பு. மூலையில் பீப்பாய்களில் தண்ணீர். குடும்பம் முழுவதும் கடைப்பக்கமே போகாமல் ஒரு வருஷம் சாப்பிடலாமாம். அந்தத் தெருவில் பெரும்பாலான வீடுகளுக்கு அடியில் இப்படித்தானாம்.

"எங்கே என்னைப் பூட்டிப் போட்டுருவாரோன்னு படியப் பாத்துக்கிட்டே நின்னேன்" என்று முடித்தேன். நான் மட்டும் சிரித்தேன்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "என்ன வரப்போகுதுன்னு சேத்து வைக்கிறாக?"

"எது வேணா வரலாம்னுதான்."

"எதுன்னு கேட்டியா?"

"கேக்கலப்பா."

மனைவி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இறுக்கத்தைத் தளர்த்துவதாக நினைத்துக்கொண்டு அடுத்த கதையை ஆரம்பித்தேன். எனக்கு அந்த வியாதி உண்டு. அங்கே குறுகலான பள்ளத்தாக்குகள் இருக்கின்றன, இரண்டு பக்கமும் பாறைச் சுவர். தலைக்கு மேல் ஒரு துண்டு மேகம்கூட இருக்காது. ஆனால் எங்கோ தொலைவில் பெய்த மழை திடீரென்று வெள்ளமாக வந்து அடித்துப்போகும். நுழையும் இடத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள்.

"வரும்போது சத்தம் கேக்குமாப்பா?" என்றாள் மகள். அவள் அப்போது மூன்றாம் வகுப்பு.

"கேக்கும். ஆனா கேக்கும்போது ஓடுறதுக்கு நேரம் இருக்காதாம்."

அப்பா எழுந்து கை கழுவப் போனார்.

பெட்டி கட்டுவதிலும் ஏதோ சரியில்லை. மாலையில் நிரம்பியிருந்த பெட்டி காலையில் தூக்கிப் பார்த்தால் லேசாக இருக்கும். மகளுடைய உடுப்புகள் மறுபடி அலமாரியில் அடுக்கியிருக்கும். "பெட்டிக்கு வயித்தால போகுதா?" என்று கேட்டேன். மனைவி, "சுருக்கம் விழுகுதுன்னு எடுத்து வச்சேன்" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகளோ தன் பங்குக்கு ஒரு கேள்வி வைத்திருந்தாள்: "அங்க எல்லாரும் அவுக சாமியத்தான் கும்பிடுவாகளாப்பா? அப்ப நம்ம கருப்பர் யார்கூட இருப்பாரு?"

கிளம்புவதற்கு முந்தின வாரம் அப்பா சொன்னார், "எதுக்கும் கருப்பர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்."

கருப்பர் எங்கள் குலசாமி. நாச்சியாபுரத்துக்கு அங்கிட்டு, காட்டுக்குள் கோயில். வீட்டில் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, ஊர் மாறுவதோ, எதுவானாலும் பூக்கட்டிப் பார்ப்போம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். ஒரே மாதிரி இலையில் கட்டி, தட்டில் வைத்து, சாமி காலடியில் குலுக்கிப் போட்டு, பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. எனக்குப் பெரிய நம்பிக்கை என்று சொல்ல முடியாது. நம்பிக்கை இல்லை என்று சத்தமாகச் சொல்லும் துணிச்சலும் கிடையாது.

கோயிலில் அன்று காற்றே இல்லை. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. பூசாரி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூப் பறிக்க மகளை அரளிச் செடிப் பக்கம் அனுப்பினார்கள். நான் அந்த நேரத்தில் ஒரு மண்குதிரையின் பக்கத்தில் நின்று, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டுவதற்காகக் காணொளி எடுத்துக்கொண்டிருந்தேன். குதிரையைவிட நான் அழகாகத் தெரியும் கோணம் அமையவில்லை. அதில் கொஞ்ச நேரம் போய்விட்டது.

மணி அடித்ததும் ஓடி வந்து நின்றேன். தட்டில் இரண்டு பொட்டலம். பூசாரி குலுக்கிப் போட்டார். மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார்.

செவ்வரளி.

"உத்தரவு இல்லைங்கிறாரு" என்றார் பூசாரி, யாரையும் பார்க்காமல். "ஆடி கழியட்டும். பெறகு கேட்டுப் பாருங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, வாங்க" என்று நடந்தார். மற்றப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை, அது சாமி காலடியிலேயே கிடக்கும். அதுதான் வழக்கம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. அவர்கள் வாசலுக்குப் போனதும் குனிந்து எடுத்துப் பிரித்தேன்.

அதுவும் செவ்வரளி.

சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் மூன்று பேரும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குக் கார் ஓட்டி வரும்போது கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மனைவி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் அப்பா, "ரோட்டப் பாத்து ஓட்டுடா" என்றார். என் குடும்பத்தில் யாரோ ஒருவருக்கு, நான் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்த ஊர்மேல், சாமியையே மறிக்கச் சொல்லும் அளவுக்குப் பயம். அது யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியவில்லை.

மறுநாள் காலையில் அடுப்படிக்குப் போனேன். மனைவி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் சிவப்பு" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "பிரிச்சுப் பாத்தீகளாக்கும்."

"யாரு செஞ்சது?"

"யாரும் செய்யல. பிள்ள ஓடி வந்து, வெள்ளச் செடிக்கு அடில பாம்புச்சட்ட கெடக்குதும்மா, நான் கிட்ட போகலன்னா. கையப் பாத்தா சிவப்பு மட்டுந்தேன் இருக்கு. நான் மாமாவப் பாத்தேன். மாமா பூசாரியப் பாத்தாக. பூசாரி மணியப் பாத்தாரு. யாரும் வாயத் தொறக்கல. அப்படியே கட்டிட்டேன்."

"நான் எங்க போனேன்?"

"நீங்க குதிரகூட நின்டு படம் எடுத்துக்கிட்டு இருந்தீக."

அது உண்மைதான். இருந்தும் விடவில்லை. "வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்ல?"

"என்னிய எப்பக் கேட்டீக? டிக்கெட் போட்டாச்சுன்னு சொன்னீக. தேதி சொன்னீக. கேக்கல." டம்ளரை என் முன்னால் வைத்தாள். "அந்த ரூம நெனச்சாத்தேன் எனக்குத் தூக்கமே இல்ல. ஒரு ஊரே ஒண்ணாச் சேந்து எதுக்கோ காத்துக்கிட்டு இருக்குது. எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்காம, சிரிச்சுப்புட்டு வந்துருக்கீக. அங்குட்டுப் பிள்ளையக் கூட்டிட்டு வான்னா எப்படி?"

"சரி, இப்பக் கேக்குறேன். வாரியா?"

"மொதல்ல அவரக் கேளுங்க. பெறகு என்னியக் கேளுங்க."

அப்போதே பக்கத்து வீட்டுக்காரரைக் கைபேசியில் கூப்பிட்டேன். அங்கே முந்தைய நாள் சாயங்காலம். பெரியவர் சிரித்தார். வேலை போகலாம், நிலம் நடுங்கலாம், தண்ணீர் நின்றுபோகலாம் என்றார். வரப்போவது எதுவென்று தெரிந்திருந்தால் அதற்கு வேண்டியதை மட்டும் வைத்திருப்போமே, இவ்வளவு இடத்தை ஏன் அடைக்கப்போகிறோம் என்றும் கேட்டார்.

அதை அப்படியே தமிழில் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"அப்ப அவுகளுக்கும் தெரியல."

"தெரியலையாம்."

"தெரியலன்னு சொல்றவுக பக்கத்துல குடியிருந்துறலாம். எல்லாம் நல்லாத்தேன் இருக்கும்னு பல்லக் காட்டுற ஆளு கூடத்தேன் பயமா இருக்கு" என்று என்னைப் பார்த்தாள். "வாரேன்."

அன்றிலிருந்து பெட்டி எடை குறையவில்லை.

ஆனால் சாமி வாக்கு ஒன்று நடுவில் நின்றதே. கிளம்புகிற அன்று, கார் வாசலில் நிற்கும்போது, அப்பா என்னைத் தனியே அழைத்தார். "நேத்து நான் மட்டும் போயி இன்னொருக்காக் கேட்டேன். வெள்ள வந்துருச்சு. நிம்மதியாப் போ."

"ஆடி கழியணும்னாரேப்பா பூசாரி?"

"பூசாரி ஊர்ல இல்ல."

"ரெண்டு பொட்டலமும் வெள்ளையா?"

"பிரிச்சுப் பாக்குறது என்னடா பழக்கம் உனக்கு" என்று அதட்டிவிட்டு, பேத்தியைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தார். அவள் பெல்ட்டை அவர் மூன்று முறை மாட்டிக் கழற்றியதை நாங்கள் இருவருமே பார்க்காதது போல் இருந்துவிட்டோம். எங்கள் குடும்ப வழக்கம் அப்படி.

இப்போது நாங்கள் மூவரும் இங்கே இருக்கிறோம். வந்த முதல் சனிக்கிழமையே மனைவி என்னைக் கடைக்கு ஓட்டினாள். அரிசி மூட்டை, துவரம்பருப்பு, புளி, உப்பு, வற்றல் மிளகாய், தண்ணீர்ப் பீப்பாய். எங்கள் வீட்டு நிலவறையில் ஒரு சுவர் முழுக்க நிரம்பிவிட்டது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூட்டை தூக்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது, கேட்கும் நிலையில் இல்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் ரொட்டி கொண்டுவந்தார். மனைவி அவரைக் கீழே அழைத்துப்போய்க் காட்டினாள். அவர் தலை தட்டாமல் குனிந்து, ஒவ்வொரு மூட்டையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பாராட்டுவார் என்று நான் காத்திருந்தேன். வழக்கமான சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

"மூன்று பேருக்கு இது போதாது" என்றார்.

மனைவி, தனக்கு அது முன்பே தெரியும் என்பதுபோல் தலையாட்டினாள்.

அப்போது மேலே ஜன்னலோரம் நின்ற மகள் குரல் கொடுத்தாள். "அப்பா, மேகமே இல்ல. ஆனா என்னமோ சத்தம் கேக்குது."

"புது வீட்டுக்கு லாரில கல்லு கொட்டுறாங்கடா" என்றேன், சிரித்துக்கொண்டே. கீழே இருந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, படியேறிப் போய், நானும் ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.