காசு வாங்கிய சாட்சி

வேலூருக்கு மாற்றலாகி வருவதற்கு முன், வேங்கிக்காலில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரருக்கும் பக்கத்து மனைக்காரருக்கும் சுவர்த் தகராறு. பக்கத்து மனைக்காரர் கட்டிய புதுச் சுவர் தன் மனைக்குள் நகர்ந்து வந்துவிட்டது என்று வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். பழைய சுவரை மாடியிலிருந்து தினமும் பார்த்தவள் என்பதால் என்னையும் சாட்சியாகச் சேர்த்துவிட்டார்.

கோர்ட் ஆமீன் நான் வேலை பார்க்கும் வேலூர்ப் பள்ளிக்கூடத்துக்கே வந்து சம்மனை நீட்டினார். கூடவே கொஞ்சம் பணம்.

"சாட்சி பேட்டா டீச்சர், வழிச்செலவுக்கு. உங்கள கூப்ட்டவரு கோர்ட்ல கட்டினது. இங்க ஒரு கையெழுத்து."

பஸ்ஸுக்குப் போதும். பிடிக்கப்போகும் ஒரு நாள் சம்பளத்தைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கோர்ட் வாசலில் முதலில் எதிரே வந்தவர், நான் யாருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தேனோ, அந்தப் பக்கத்து மனைக்காரர்.

"வாங்க டீச்சர். காலைலயே கெளம்பியிருப்பீங்க, சாப்ட்டிருக்க மாட்டீங்களே?"

கேன்டீனுக்கு அழைத்துப்போய்ப் பொங்கலும் வடையும் வாங்கிக் கொடுத்தார். பசியில் மறுக்க வாய் வரவில்லை. வீட்டுக்காரர் தூரத்தில் நின்று முறைத்தார். பேட்டா கட்டியதோடு தன் கடமை முடிந்தது என்று அவருக்கு நினைப்பு.

கூண்டில் ஏறினேன். பழைய சுவர் வீட்டுக்காரரின் முருங்கை மரத்துக்கு அந்தாண்ட, பக்கத்து மனைப் பக்கமாக இருந்தது என்று பார்த்ததைச் சொன்னேன். பக்கத்து மனைக்காரரின் வக்கீல் எழுந்தார்.

"வழக்கு போட்டவர்கிட்ட காசு வாங்கிட்டுத்தான சாட்சி சொல்றீங்க?"

"ஆமாங்க."

வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எதுக்கு வாங்கினீங்க?"

"பஸ் சார்ஜுக்குங்க. ஆமீன்தான் குடுத்தாரு."

"அது பேட்டா. மேல கேளுங்க" என்றார் நீதிபதி. வக்கீல் விடுவதாக இல்லை.

"வேற எதுவும் வாங்கலையா?"

"பொங்கல் வடை சாப்ட்டேன். ஆனா அதை வாங்கிக் குடுத்தது உங்க கட்சிக்காரருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்ன நிம்மதியோடு ஊர் திரும்பினேன்.

சில வாரம் கழித்து வீட்டுக்காரர் போன் செய்தார்.

"ராஜியாயிட்டோம் டீச்சர். ரெண்டு மனையையும் சேர்த்து ஒருத்தர் லாட்ஜ் கட்டக் கேக்கறாரு. நல்ல ரேட்டு. சுவரை நேத்தே இடிச்சிட்டோம்."

"அப்போ நான் சொன்ன சாட்சி?"

"அது இனிமே எதுக்குங்க?" என்றார், ரொம்பச் சந்தோஷமாக.