சொல்லாமல் கிளம்பியவர்கள்

போன வாரம் எங்கள் வீட்டில் சாவு எதுவும் விழவில்லை. ஆனால், வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டுவிட்டார்கள்!

என் கொழுந்தன் சுரேஷ், வடக்கே ஒரு பள்ளியில் ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்கிறான். படிப்பு முடிகிற கட்டம். அன்றைக்கு மத்தியானம் டி.வி.யில் கீழே எழுத்து ஓடியது — பயிற்சி ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது என்று. ஊர்ப் பெயர் இருந்தது. ஆள் பெயர் இல்லை. இவன் செல்போனோ, ஸ்விட்ச்டு ஆஃப்.

தேனியில் செய்தி பஜாரைத் தாண்டுவதற்குள் சேர் வந்துவிடும். யார் சொல்லி வந்தது? இன்று வரை தெரியாது. பாத்திரக்கடையை அப்படியே போட்டுவிட்டு என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர்தான், அசையவில்லை. ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

சாயங்காலம்தான் போன் வந்தது.

"மதினி, எனக்கு ஒண்ணுமில்ல. விழுந்தது வேற மெஷின். மாஸ்டர் போயிட்டாரு..."

அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கூட இருந்த மாணவன் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில். அங்கே அலைந்ததில்தான் இவன் போன் அணைந்து கிடந்திருக்கிறது.

அதோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பள்ளியில் லீவு விட்டார்கள். சுரேஷ் ஊருக்கு வந்தான். அவனைப் பார்க்க ஊரும் வந்தது. கம்பத்திலிருந்து, உத்தமபாளையத்திலிருந்து, தேவதானப்பட்டியிலிருந்து... ஆளுக்கொரு பை திராட்சை. ஃபிரிட்ஜைத் திறந்தால் திராட்சை, சாமி படத்துக்கு முன்னால் திராட்சை. எடுக்காமல் கிடந்த சேர்களில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். நான் டீ போட்டே ஓய்ந்துபோனேன்.

எல்லோரிடமும் ஒரே கேள்விதான். "என்னப்பா ஆச்சு?"

அவனும் அலுக்காமல் சொல்வான். "ஹைட்ராலிக்ஸ்னு ஒண்ணு இருக்கு சித்தப்பா. லாரிக்குப் பவர் ஸ்டியரிங் மாதிரி. அது போச்சுன்னா கன்ட்ரோல் எல்லாம் கனத்துப் போகும். மல்லுக்கட்டித்தான் ஓட்டணும். அதுக்குப் பழகணும்ல, மேல போனதும் வேணும்னே ஆஃப் பண்ணுவாக."

"வேணும்னே ஆஃப் பண்ணுவாகளா? நல்ல படிப்புடா இது!"

அப்புறம் அறிவுரை. "பேசாம அண்ணனோட கடையில ஒக்காரு. குடம் கீழ விழுந்தா நசுங்குறதோட போச்சு."

வந்தவர்களில் ஒருவர்கூட செத்துப்போன அந்த மாஸ்டரின் பெயரைக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் வலித்தது.

இன்னொன்றை மாமியார்தான் கவனித்தார். வரும்போது, நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி பழத்தோடு வருகிறார்கள். கிளம்பும்போது? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்குகிறார்கள். துக்க வீட்டில்தானே போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது? உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறவனிடம் சொல்லிக்கொள்ள என்ன? பாவம், அந்தச் சேரில் உட்கார்ந்ததுமே பழக்கம் வந்துவிடுகிறது போல.

இதற்கு நடுவே அடுத்த பிரச்னை. லீவு முடிந்ததும் சுரேஷ், மாஸ்டரைக் கொன்ற அதே பயிற்சியைச் செய்து காட்டியாக வேண்டும். புது மாஸ்டர், அதே ஸ்விட்ச். செய்யாவிட்டால் லைசென்ஸ் கிடையாது.

"அந்த வண்டியில ஏறுறதா இருந்தா எம் மூஞ்சியில முழிக்காத" என்றார் மாமியார். அன்றையிலிருந்து அவனோடு பேச்சே இல்லை.

வாசல் கூட்டத்துக்குப் பயந்து சுரேஷ் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டான். சும்மா இராமல் பூண்டு உரித்தான்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு மதினி."

"அப்ப ஏன் போற?"

இன்னொரு பல்லை உரித்துப் போட்டான். பிறகு சொன்னான்: "கனத்துப் போன வண்டிய அந்தரத்துல நிப்பாட்டப் பாக்காதன்னு மாஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லுவாரு. தரைக்கு மேல நின்னு பையப் பைய எறக்கலாம்னு கை ஆசப்படும். நின்னா கைமீறிப் போயிரும். வேகம் விடாம நேரா வந்து, தரையத் தொட்டு, சறுக்கிக்கிட்டே போயி நிக்கணும். அன்னிக்கு அந்தப் பய நிப்பாட்டிட்டான். அவரு கன்ட்ரோல வாங்குறதுக்குள்ள..."

பூண்டை வைத்துவிட்டான்.

"இப்ப நானும் பாதியில நின்னுட்டேன்னா, அப்புறம் ஏறவே மாட்டேன் மதினி."

அடுத்த செட் டீக்குப் பாலை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினான். பையை மாட்டிக்கொண்டு அம்மாவின் அறை வாசலில் நின்றான். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நின்றான்... இன்னும் நின்றான். அவர் திரும்பவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஷூவை மாட்டினான். படியிறங்கி, சேர்களைத் தாண்டி, தெருவுக்குப் போய்விட்டான்.

"ஏலே சுரேசு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. தலையைக்கூட முடியாமல் வாசலில் நிற்கிறார் மாமியார்.

"வாரவுகதான் சொல்லாமப் போறாக. நீயும் சொல்லாமப் போறதுக்கு, இது என்ன எழவு வீடாடா?"

அவன் திரும்பி வந்தான். படியில் நின்றான்.

"போயிட்டு வாரேம்மா."

"ம்... போயிட்டு வா."

அவன் தெருமுனை திரும்பும் வரை நின்றவர், என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, மொதல்ல இந்தச் சேரையெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொல்லு."

இதை எழுதும்போது அவன் ரயிலில் இருக்கிறான். மாமியார் மடியில் செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீங்களும் யாரையாவது பார்த்து விசாரிக்கப் போகிறீர்களா? திராட்சையெல்லாம் வேண்டாம்... சொல்லிக்கொண்டு கிளம்புங்கள், போதும்!