பலகையிலிருந்து கோடு வரை

“அளவுகோலைப் பிடிக்கிறவன் ரெண்டு பக்கத்துக்கும்…” என்று வடிவேலு மாமா ஒரு சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியது நினைவிருக்கிறது. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. வாக்கியத்தை எப்படி முடித்தார் என்பது மறந்துவிட்டது. ‘பொதுவான ஆள்’ என்றாரா, ‘பகையாளி’ என்றாரா? வருஷக்கணக்கில் டேப் பிடித்துப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் தொழிலுக்கு இரண்டுமே பொருந்தும்.

தொழில் என்னவென்று சொன்னால் திருத்துறைப்பூண்டிப் பக்கம் யாரும் நம்புவதில்லை. நம் மார்கழி மாதத்தில் லண்டனில் டார்ட்ஸ் ஆட்டத்துக்கு உலகச் சாம்பியன் போட்டி நடக்கும். வட்டப் பலகையில் விரல் நீள அம்பை எறிகிற ஆட்டம். பெரிய மண்டபம், மேடை, டி.வி. கேமரா, வாழைப்பழ வேஷமும் கன்னியாஸ்திரி வேஷமும் போட்டுக்கொண்டு வந்து பாட்டுப் பாடும் கூட்டம். அங்கே பலகை மாட்டுவதும், எறிகிறவர் நிற்கவேண்டிய கோட்டைத் தரையில் போடுவதும் என் வேலை. பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஐந்தடி எட்டங்குலம். பலகையிலிருந்து கோடு ஏழடி ஒன்பதேகால் அங்குலம். நூல் பிசகினாலும் பெயர்த்துவிட்டுத் திரும்ப ஒட்ட வேண்டும்.

பாகப்பிரிவினையில் பொதுமனிதராக உட்கார்ந்து இரண்டு வீட்டிலும் காப்பி கிடைக்காமல் திரும்பியவர்கள், கபடிக்கு நடுவராக நின்று சட்டை கிழிந்தவர்கள், சர்வேயர் வந்த அன்று பாவம் பார்த்துச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவர்கள்: நீங்களெல்லாம் நம்ம ஆட்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் அப்பாவும் வடிவேலு மாமாவும் ஒரே பண்ணையில் கூலிக்கு நின்றவர்கள். கூலி உயர்வு கேட்டு ஒரே நாளில் ஜெயிலுக்குப் போனவர்கள். பண்ணையின் உபரி நிலத்தை அரசாங்கம் எடுத்துப் பிரித்துக் கொடுத்தபோது அடுத்தடுத்த துண்டாக ஆளுக்கு ஒரு ஏக்கர் கிடைத்தது. அன்றைக்குச் சர்வேயரின் சங்கிலியை ஒரு முனையில் அப்பாவும் மறுமுனையில் மாமாவும் பிடித்தார்களாம். எங்கள் வீடு ரோட்டோரம், மாமா வீடு வாய்க்கால் கரையில். நடுவே இரண்டு வயல், ஒரு வரப்பு. அந்த வரப்பினால்தான் நான் லண்டனில் இருந்தபோது இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. “என் வயல் குறையுது, அவன் வெட்டுறான்” என்று இரண்டு பக்கமும் ஒரே புகார். அப்பா ஒரு கட்சி, மாமா எதிர்க்கட்சி. ஆட்சி மாறும்போதெல்லாம் தாலுக்கா ஆபீசில் யார் மனு மேலே ஏறும் என்பதும் மாறும். சர்வேயர் வந்தபோதெல்லாம் வயலில் பயிர் நின்றது, இல்லை தண்ணீர் நின்றது.

சுவர்க் கணக்கு

மண்டபத்தில் முதல் நாள். பயிற்சி அறையில் வரிசையாகப் பலகை மாட்டிவிட்டு, சுவரிலிருந்து டேப்பை இழுத்து, ஏழடி ஒன்பதேகால் அங்குலத்தில் நாடா ஒட்டி, கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். எங்கள் மேஸ்திரி கிளேர் என்ற அம்மாள். வேல்ஸ்காரி, அறுபதை நெருங்கியவர், சத்தம் போட்டே பேசாதவர். வந்தார். தன் வீட்டுச் சாவியை ஒரு நூலில் கட்டிப் பலகையின் முகத்திலிருந்து தொங்கவிட்டார். சாவி தரையைத் தொட்ட இடம் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளியிருந்தது.

பலகைக்குப் பின்னால் கட்டையும் சட்டமும் இருப்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. என் டேப் சரி, எண் சரி, கோடு தப்பு. அத்தனையையும் பெயர்த்தேன். கிளேர் பக்கத்தில் மண்டியிட்டு நாடாவைப் பிடித்துக்கொண்டு சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “எவ்வளவு தூரம்னு யார் வேணா அளப்பாங்க. எங்கேருந்துன்னு கேக்கறதுக்குத்தான் உனக்குச் சம்பளம்.”

டச்சுக்காரரின் கட்டைவிரல்

நெதர்லாந்திலிருந்து ஒருவர் வருவார். தென்னைமரம் போல உயரம், குழந்தை முகம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் என்னைத் தேடி வந்து கட்டைவிரலைக் காட்டி, “கோடு இவ்வளவு பின்னாடி இருக்கு” என்பார். நூலைத் தொங்கவிட்டு அவர் கண்ணெதிரே அளந்து காட்டுவேன். சரியாக இருக்கும். தலையாட்டிவிட்டுப் போவார். மறுநாளும் வருவார், அதே கட்டைவிரலுடன்.

ஒரு வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, ஒரு தடவையாவது தப்பா இருந்திருக்கா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கூச்சத்தோடு சிரித்தார். “கோடு சரின்னு எனக்கும் தெரியும். தோத்தா யார்மேல கோவப்படக்கூடாதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கத்தான் அளக்கச் சொல்றேன்.”

நீ எங்கடா தெரியற?

அப்பாவுக்கு ஆட்டத்தைப் போனில் காட்டியது என் அக்கா தனம். அப்பாவின் கேள்வி ஒன்றுதான்: “நீ எங்கடா தெரியற?” நான் தெரிய மாட்டேன் என்று விளக்கினேன். மேடைக்குப் பின்னால் இருப்பேன். எறிகிறவர் காலடியில் ஒரு கோடு தெரிகிறதே, அது நான் போட்டது. அப்பா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாராம். பிறகு, “ஏண்டா, ஒருத்தன் அதை மிதிக்கிறானே, கேக்கமாட்டியா?” என்றார். மிதிக்கவில்லை, விளிம்பில் நிற்கிறான் என்றேன். “எல்லாரும் அப்படித்தான் சொல்லுவானுவ” என்றார். யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அந்த வருஷம்தான் வடிவேலு மாமா களத்தில் விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆனால் வாசலில் உட்கார்ந்துகொண்டு, வாய்க்கால் பக்கமிருந்து வருகிற ஆடு மேய்க்கிறவரைக்கூட விடாமல், “அவன் எழுந்து நடக்கிறானாமா?” என்று கேட்கிறாராம். இதை அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா போனைப் பிடுங்கினார். “உலகத்துக்கே அளக்கிறியே, நம்ம வரப்பை யாரு அளக்கிறது? நாங்க ரெண்டு பேரும் போனதுக்கு அப்புறமா?”

அண்ணன் போட்ட கோடு

பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு பெண் முதல் தடவையாகத் தகுதி பெற்று வந்திருந்தாள். காலையில் மண்டபம் காலியாக இருந்தபோது மேடைக்கு வந்து, ஷூவைக் கழற்றிவிட்டுக் கோட்டின் மேல் வெறுங்காலால் நின்று பார்த்தாள். நான் எந்த ஊர் என்று கேட்டாள். நெல்லு விளையிற ஊர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அவள் ஊரும் அப்படித்தானாம். நெல் குத்துகிற கொட்டகையின் தூணில்தான் பலகை. கோடு மண்தரையில் குச்சியால் கீறியது.

மேடைக் கோட்டில் நின்று ஒரு அம்பை எறிந்தாள். பலகை ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறதே என்று திகைத்தாள். நான் அவசரமாகச் சாவியும் நூலும் எடுத்தேன். வேண்டாம் என்று சிரித்தபடி சொன்னாள்: “மழையில கோடு அழிஞ்சா எங்கண்ணன் தனக்கு வசதியா ஒரு அடி முன்னாடி போடுவான். சண்டை எதுக்குன்னு நான் அதுக்கு ரெண்டடி பின்னாடி நின்னே பழகிட்டேன்.”

ஒரே காரில் வந்தவர்கள்

வடக்கு இங்கிலாந்தில் ஒரே ஊர்க்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் தச்சர், ஒருவர் பால் வண்டி ஓட்டியவர். காலம் காலமாகப் போட்டிகளுக்கு ஒரே காரில் வருகிறவர்கள். மாமா விழுந்த அதே வருஷம் சீட்டுக் குலுக்கலில் முதல் சுற்றிலேயே இருவரும் மோதும்படி விழுந்துவிட்டது. பயிற்சி அறையில் அடுத்தடுத்த பலகையில் நின்றார்கள், பேச்சில்லை. தச்சரின் அம்பு முனை மழுங்கிவிட்டது. பையில் சாணைக்கல்லைத் தேடினார். பக்கத்திலிருந்து, முகத்தைத் திருப்பாமலேயே, ஒரு கல் நீண்டது.

தச்சர் தோற்றார். கடைசி அம்பு வரைக்கும் போய், ஒரு மயிரிழையில். நான் மேடைப் பலகையைக் கழற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது தச்சர் பால்காரரின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நின்றார். அடுத்த சுற்றுக்கு நாள் இருந்ததால் பால்காரரும் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டும். “இவ்வளவு நடந்தும் ஒரே காரிலா?” என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “தோத்தது நான்தான். ஆனா வழி அதே வழிதானே, தம்பி?”

அந்தப் போட்டி முடிந்ததும் நான் டிக்கெட் எடுத்தேன். ஐம்பதைத் தொடுகிற வயதில் ஊருக்குத் திரும்புகிறவனைப் பார்த்து, வேலை போய்விட்டதா என்று கேட்டார்கள். வரப்பு அளக்க வந்தேன் என்றேன். சிரித்தார்கள்.

கல்

சம்பா அறுப்பு முடிந்து வயல் காய்ந்த பிறகு ஒரு காலையில் நாள் குறித்தேன். அப்பா ரோட்டுப் பக்கமிருந்து வந்தார். மாமா வாய்க்கால் பக்கமிருந்து, வாக்கரை ஊன்றி ஊன்றி, வரப்பு மேலேயே வந்து சேர்ந்தார். இருவரும் என்னிடம் மட்டும் பேசினார்கள். “உங்கப்பாவைப் பாத்துக்கச் சொல்லு.” “உங்க மாமாவை வாயை மூடச் சொல்லு.” டேப்பைப் பிரித்ததும் அப்பா தன் பக்கத்து வரப்படியில் காலை வைத்தார், “இங்கேருந்து புடி.” மாமா தன் பக்கத்து வரப்படியை வாக்கரால் தட்டினார், “இங்கேருந்துதான் புடிக்கணும்.” எனக்குக் கிளேர் அம்மாளின் சாவி நினைவு வந்தது. டேப்பைச் சுருட்டிவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன்.

சர்வேயர் நட்ட எல்லைக்கல் வெள்ளத்தில் போய்விட்டது என்று இருவருமே மனுவில் எழுதியிருந்தார்கள். போகவில்லை. ரோட்டு முனையில் ஒன்று, வாய்க்கால் முனையில் ஒன்று, இரண்டும் வரப்புக்குள்ளேயே புதைந்திருந்தன, நட்ட நடுவில். கல்லிலிருந்து அளந்தேன். இரண்டு வயலும் குறைந்திருந்தன. ஒரே அளவு குறைந்திருந்தன. ஒருவர் நடக்கிற வரப்பு, இரண்டு பேர் கைகோத்து நடக்கிற அகலத்துக்குப் பெருத்திருந்தது.

“அப்ப எடுத்தது யாரு?” என்றார் அப்பா.

“யாரும் எடுக்கலப்பா. வரப்பு தின்னுருக்கு.”

மாமா வாக்கரின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “வெட்டினா, வெட்டிட்டான்னு சொல்லுவான். அதான் நான் மம்பட்டியே வைக்கல. வருசா வருசம் வரப்புல சேறு அணைச்சதோட சரி.”

“நான் மட்டும் வச்சேனா? நானும் அணைச்சதுதான்” என்றார் அப்பா. அதை என்னிடம் சொல்லவில்லை. நேராக மாமாவிடம் சொன்னார்.

“நீ அணைச்சது அணைப்பா? பாரு, பூரா நண்டு வளை.”

“உன் பக்கம் எலி குடும்பம் நடத்துது, அதைப் பாரு முதல்ல.”

நான் இருப்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். அந்த நண்டும் எலியும் ஓய்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. நடுவில் மாமாவிடம் கேட்டுவிட்டேன்: அன்றைக்குச் சங்கக் கூட்டத்தில் அளவுகோல் பற்றிச் சொன்னீர்களே, அது எப்படி முடியும்? “நானா? நான் அப்படிப் பேசவே இல்லையே. உங்கப்பன் பேசியிருப்பான்.” அப்பா, “நான் மைக்கைத் தொட்டதே கிடையாது” என்றார்.

மாமா கிளம்பினார். வாக்கரின் நாலு காலும் வரப்பின் மேல் தாராளமாக உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகாத அப்பா, அவர் முதுகைக் கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கூப்பிட்டார்: “வடிவேலு, நாளைக்கு வரும்போது வெத்தலை எடுத்துட்டு வா. என்கிட்ட சுண்ணாம்புதான் இருக்கு.”

இரண்டு பக்கமும் வெட்டிச் சீராக்கினால் ஆளுக்கு ஓரடி அகலத்துக்கு நிலம் திரும்பக் கிடைக்குமே, எப்போது ஆள் விடுகிறாய் என்று தனம் அக்கா கேட்டாள். கோட்டில் நூல் பிசகினாலும் பெயர்த்து ஒட்டியே பிழைத்த நான், அந்த வரப்பை இருந்தபடியே விட்டுவிட்டேன்.