பாவாடை கட்டிய ட்ரோன்

இருநூற்று நாற்பத்தொன்பது கிராம். பைலியின் வீட்டில் இருந்த விலை கூடிய பொருட்களில் அவ்வளவு இலேசானது வேறில்லை. ஆனால் அதைத்தான் அவர் இரண்டு கைகளாலும் தூக்குவார். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜின்சி, மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்தபோது விட்டுப்போன சின்ன ட்ரோன் அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதை மலைக்கு மேலே ஏற்றி, தான் வாரம் முழுக்க நடக்கிற தோட்டத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்ப்பார். வேறு பொழுதுபோக்கு கிடையாது.

கேரளத்தில் முண்டக்கயத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பைலி பால்வெட்டுக்காரர். வயது ஐம்பத்தாறு. அந்த மலையில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ரெயின்கார்டு. மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு மரத்திலும் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக்கைக் கொசுவி, பாவாடைபோலச் சுற்றி, விளிம்பைத் தார் மாதிரியான கறுப்புப் பசையால் அடைக்க வேண்டும். தண்ணீர் பாவாடைக்கு வெளியே வடிந்துவிடும். சிரட்டையில் பால் மட்டும் விழும். பைலி கட்டிய மரத்தில் சிரட்டைக்குள் தண்ணீர் நின்றதாக யாரும் சொன்னதில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் பதினைந்து மாதா பெருநாள் ஊர்வலத்தில் குஞ்சம் வைத்த பட்டு முத்துக்குடை பிடிக்கும் ஐம்பத்தொரு பெண்களின் பட்டியலில் அவர் மனைவி ஏலிக்குட்டியின் பெயர் இருந்தது. பால்வெட்டுக்காரர் வீட்டிலிருந்து ஒருத்தி குடை பிடிக்கப் போவது அந்தப் பங்குக் கோயிலில் முதல் தடவை. ஜின்சிக்கு லீவு கிடைக்கவில்லை.

"ட்ரோன்ல காட்டுங்க அப்பச்சா," என்றாள் போனில். "அம்மச்சி குடையோட வர்றத நான் பாத்தே ஆகணும்."

"மழை பெய்யுமே கொச்சே."

"மழைக்குக் கட்டுறதுதானே உங்க வேலை!"

பெருநாளுக்கு முந்தின நாள் டீக்கடையில் இதைச் சொன்னபோது கல்யாண கேமராக்காரன் டொமினிக் குடித்த டீயைத் துப்பாத குறையாகச் சிரித்தான்.

"அச்சாயா, மழையில ட்ரோன் விடுறதும் கோழிக்குஞ்சக் கிணத்துல விடுறதும் ஒண்ணு. நானே என்னோடத வெளிய எடுக்க மாட்டேன்."

"நானூறு மரத்த நனையாம வச்சிருக்கேன்டா. இந்த ஒண்ண வைக்க முடியாதா?"

"மரம் பறக்காது அச்சாயா."

"பறந்தா அதுக்கும் கட்டுவேன்."

கடை முழுக்கச் சிரித்தது. பைலியும் சிரித்தார். அன்று மாலையே தோட்டத்தில் மிச்சமிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கில் ஒரு சாண் வெட்டினார். விசிறிகளில் படாதபடி ட்ரோனின் உடம்பைச் சுற்றி, கேமராவுக்கு மட்டும் வழி விட்டு, கொசுவிக் கட்டினார். விளிம்பில் விரல்நுனியால் பசை. மரத்துக்கு எப்படியோ அப்படியே. பாவாடை நன்றாகக் கீழே இறங்கித் தொங்கியது. கையில் பிடித்தபடியே கூரை இறவாணத்திலிருந்து வடிந்த தண்ணீரில் கால்மணி நேரம் காட்டினார். பிறகு பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஈரமே இல்லை.

பறக்கவிட்டுப் பார்க்கவில்லை. பெருநாளுக்கு முன் அதை மழையில் அனுப்ப மனம் வரவில்லை.

"எனக்கு மழையில ஒரு குடை பிடிக்க ஆளில்ல. அதுக்குப் பாவாடை கேக்குதா?" என்றாள் ஏலிக்குட்டி.

"நாளைக்குக் குடை பிடிக்கிறதே நீதானேடி. அது உன்னப் பாத்துக்கிட்டே வரும்."

ஊர்வலம் நான்கு மணிக்குப் புறப்பட்டது. தூறலுக்கெல்லாம் எதையும் நிறுத்துகிற வழக்கம் அங்கே இல்லை. பைலி கல்லறைச் சுவரோரம் நின்று ட்ரோனை ஏற்றினார். திரையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் குடைகள். அதே படத்தை ஜின்சி அயர்லாந்தில் போனில் பேசியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பச்சா, அதோ அம்மச்சி! கிட்டப் போங்க!"

ஏலிக்குட்டி பொன்கரை போட்ட கசவுச் சேலையில், பன்னிரண்டாவது குடையோடு, நேரே பார்த்து நடந்து வந்தாள். பைலி ட்ரோனை அவள் தலைக்கு மேலே கொண்டுபோனார். மழை வலுத்தது. உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை. ஆனால் அதுவரை விசிறிக் காற்றில் விரிந்து பறந்த பாவாடை, நனைந்து கனத்து, ட்ரோனின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. அந்த வயிற்றில்தான் தரை எவ்வளவு தூரம் என்று பார்க்கும் இரண்டு கண்கள் இருந்தன. மரத்துக்கு அடிப்பக்கம் கண் கிடையாது. பைலி அதை யோசிக்கவே இல்லை. தரை வந்துவிட்டது என்று நினைத்து ட்ரோன் தானாக இறங்கத் தொடங்கியது. அவர் ரிமோட்டின் குச்சியை மேலே தள்ளத் தள்ள அது இறங்கியது.

பன்னிரண்டாவது குடையின் குஞ்சங்களில் விசிறி சிக்கிக்கொண்டது. பட்டு கிழிந்தது. ஏலிக்குட்டி குஞ்சத்தை விடுவிக்கக் கையை நீட்டினாள், விரல்கள் கிழிந்தன. குடை சேற்றில் சாய்ந்தது. பின்னால் வந்தவர்கள் தடுக்கி நிற்க, ஊர்வலம் நின்றது.

குடைகளுக்குப் பொறுப்பான கொச்சுராணி டீச்சர் வந்து முதலில் குடையைத்தான் தூக்கிப் பார்த்தாள்.

"நான் அப்பவே கோயில் அச்சன்கிட்டச் சொன்னேன். பால் எடுக்கிற கையில பட்டுக் குடையக் குடுக்காதீங்கன்னு."

"டீச்சர், நான் ஒண்ணும்…"

"வரிசையை விட்டு வெளிய வா ஏலிக்குட்டி. பின்னால மாதா சுரூபம் காத்துக்கிட்டு நிக்குது."

ஏலிக்குட்டி ரத்தக் கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு ஓரமாக வந்து நின்றாள். குடைகள் அவளைத் தாண்டிப் போயின. யாரோ ஒருத்தி, "ட்ரோன்காரன் பொண்டாட்டி," என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ட்ரோன் சேற்றில் மல்லாந்து கிடந்தது. வேறு ட்ரோனாக இருந்தால் அந்த மழைக்கு எப்போதோ செத்திருக்கும். பைலி கட்டியது என்பதால் அதன் கேமரா எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருந்தது: டீச்சரின் முகம், வெளியே நின்ற ஏலிக்குட்டி, முந்தானையில் பரவிய சிவப்பு.

"அப்பச்சா, அம்மச்சி அழுறாங்களா? அப்பச்சா!"

பைலி திரையில் அங்குமிங்கும் விரலை அழுத்தினார். படத்தை நிறுத்தும் பொத்தான் எது என்று தெரியவில்லை. ஈர விரலுக்குத் திரை கேட்கவுமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, அதன்மேல் காலை வைத்து மிதித்தார். இரண்டாவது மிதியில் படம் நின்றது.

பிறகு டொமினிக் வந்து அதைப் பொறுக்கி, பேட்டரியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்தான்.

"கொஞ்சங்கூட நனையல அச்சாயா. நல்லாத்தான் கட்டியிருக்கீங்க."

கிண்டலா இல்லையா என்று பைலிக்குப் புரியவில்லை. ஏலிக்குட்டி அவருக்காக நிற்காமல் வீட்டுப் பாதையில் இறங்கிவிட்டிருந்தாள்.

அடுத்த ஆண்டு பெருநாளன்று மழை இல்லை. பன்னிரண்டாவது குடையைக் கொச்சுராணி டீச்சரின் மருமகள் பிடித்துப் போனாள்.